போகிற வேகம்

அளக்க வந்தவர் தையல் மேசைக்கு அடியில் புகுந்து மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் முதுகில் ஒரு நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டு நின்றாள். முன்பின் தெரியாத ஆளின் முதுகில் எப்படிக் கை வைப்பது? ஆனால் யார் மேல் நூல் ஒட்டியிருந்தாலும் எடுக்காமல் சும்மா இருக்கிற கை அவளுக்கு இல்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரிலிருந்துகூட எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பிளக் பாயின்ட் எங்கங்க?" என்று மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கறுப்பு பேன்ட்டுக்குப் பின்னாடி," என்றாள்.

வீடு முழுக்க அடுத்தவர்களின் உடைகள். கால் நீளம் குறைக்க வந்த பேன்ட்டுகள், ஜிப் போன கோட்டுகள், இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி வெட்கத்தோடு வந்த பாவாடைகள் எல்லாம் கம்பியில் வரிசையாகத் தொங்கின. மதிய வெயில் ஜன்னலில் பாதி தைத்த திரைச்சீலை வழியாக வடிந்து வந்து, எல்லாவற்றின் மேலும் டீ நிறத்தில் படிந்திருந்தது. காற்று வந்தால் பேன்ட்டுகள் மெல்ல நடக்கும். இந்த நேரத்தில் அந்த அறையில் எதையும் நிஜம் என்று சொல்லிவிட முடியாது.

அரசாங்கம் புதிதாக ஒரு தரம் வைத்திருந்தது. ஒரு வீட்டுக்குள் இன்டர்நெட் குறைந்தது இவ்வளவு வேகத்தில் வர வேண்டும். அளந்து பார்க்க ஒரு ஆள் வருவார், அந்த வேகம் வராவிட்டால் அது குறையுள்ள வீடு. அப்படி ஒரு வீடு தெருவில் இருந்தாலும் போதும், பழைய செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அரசாங்கமே தன் செலவில் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்துக் கொடுக்கும். செய்தி வந்த அன்றே அவள் வீட்டுக்காரர் விண்ணப்பம் போட்டுவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏறவும் இறங்கவும் செய்யாத எதையும் அவருக்குப் பொறுக்காது.

"ஸ்கூல் படிக்கிறப்ப பாஸ் ஆகணும்னுகூட நான் இப்படி உக்காந்தது இல்ல சார்," என்றார், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு. "இன்னைக்கு ஃபெயில் ஆகணும்னு காலையிலேர்ந்து சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அளக்க வந்தவர் வெளியே வந்து, கொண்டுவந்த சின்னப் பெட்டியை மடிக்கணினியோடு இணைத்தார். திரையில் ஒரு முள் எழுந்து, தயங்கி, விறுவிறுவென்று மேலே போய் நின்றது. திரை பச்சையானது.

"பாஸ்ங்க," என்றார்.

வீட்டுக்காரர் எழுந்துவந்து திரையை உற்றுப் பார்த்தார். "நல்லா பாருங்க சார். பாஸ் ஆகுற மூஞ்சியா இந்த வீட்டுக்கு?"

"தரத்துக்கு மேலயே வருதுங்க. சினிமா பாத்தா நிக்காம ஓடுமே?"

"ஓடும். சினிமாவுக்கு யாரு அழுதா? இவ அக்காகிட்ட பேசணும். அங்கதான் சிக்குது."

அளக்க வந்தவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அக்கா கடல் தாண்டி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுதத் தெரிந்தது தன் பெயரும் எண்களும். மற்றதெல்லாம் கைதான். அந்தக் கை பேச்சும் எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கிற பேச்சு இல்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பெண்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டது. மூக்கோரம் ஒரு விரல் வைத்தால் அம்மா, அங்கே அம்மாவுக்கு மச்சம். போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடுவதுபோல் காட்டினால் இருட்டு. உலகத்தில் அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி இங்கே, ஒருத்தி அங்கே.

"அவளுக்கு நாளைக்குக் கண்ணுல ஆபரேஷன்," என்றாள். "நேத்து அங்க உள்ள தமிழ் டாக்டர் வீடியோல வந்து சொன்னாரு. நான்தான் கையால அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நடுவுல நடுவுல நின்னு நின்னு போச்சு போல. அவ தலையாட்டிட்டா. இருந்தாலும்."

"அவங்க படம் உங்களுக்கு நிக்குதா?"

"அவ நல்லா தெரியுறா. கண்ணாடி மாதிரி."

அளக்க வந்தவர் தலையைச் சொறிந்தார். "அப்ப இது போற வேகம் மேடம். வீட்டுக்குள்ள வர்றது ஒண்ணு, வீட்டுலேர்ந்து போறது ஒண்ணு. நீங்க பேசுறது, காட்டுறது எல்லாம் போற கணக்குல வரும். அது இங்க ரொம்பக் கம்மி. ஆனா தரம் வெச்சது வர்றதுக்கு மட்டும்தான். போறதுக்கு இன்னும் வெக்கல. பேச்சு நடக்குது."

"இதென்னங்க கூத்து," என்றாள் அவள். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துக் காட்டினாள். "நீங்களும் அளக்குறவர், நானும் அளக்குறவ. இடுப்ப மட்டும் அளந்துட்டு நான் பேன்ட் தெச்சுக் குடுத்தா சும்மா விடுவாங்களா?"

"விடமாட்டாங்க," என்று ஒத்துக்கொண்டார் அவர். "என்கிட்ட இடுப்ப மட்டும் அளந்துட்டு வான்னுதான் சொல்லி அனுப்பியிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பிறகு விடாமல் பிடித்துக்கொண்டார். "சரி சார், பாஸ்னே போடுங்க. ஆனா கம்மியா போனா அந்தப் பக்கம் என்னதான் தெரியும்? அதையாவது காட்டிட்டுப் போங்க."

அளக்க வந்தவர் தன் போனை அவர்கள் வீட்டு வைஃபையில் சேர்த்தார். தெரு பள்ளத்தில் இருந்தது, போன் சிக்னல் அங்கே இறங்கி வருவதற்குள் இளைத்துவிடும். "எனக்கு ஒரு வீடியோ கால் போடுங்க மேடம். உங்க அக்காகிட்ட பேசுற மாதிரியே பேசுங்க. அந்தப் பக்கம் தெரியுறது என் போன்ல தெரியும்."

அவள் வழக்கம்போல் போனை ஊசிப் பெட்டிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைகளைத் தூக்கினாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, குளிரா அங்கே என்று எப்போதும் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அவளுடைய போனின் மூலையில் அவளுடைய சின்னப் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இத்தனை வருஷமும் அந்தச் சின்னப் படத்தைப் பார்த்துத்தான் முடியைச் சரிசெய்துகொண்டு பேசியிருக்கிறாள். பிறகு அளக்க வந்தவரின் கையிலிருந்த போனைத் திரும்பிப் பார்த்தாள்.

அதில் ஒரு பெண் இருந்தாள். முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாநிறத்தில் நாலைந்து சதுரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. கைகளைக் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு என்று சொல்லலாம், ஒரு விரல் இங்கே, ஒரு மணிக்கட்டு அங்கே. இவள் பேச்சை நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் போனில் இருந்தவள் இன்னும் நிறுத்தவில்லை. ஒரு கையைக் காதுவரைக்கும் தூக்கியபடி, தண்ணீருக்குள் நிற்பவளைப்போல், எதையோ மறந்துவிட்டவளைப்போல் அப்படியே நின்றாள்.

அறையில் பேன்ட்டுகள் மெல்ல ஆடின.

அக்கா கொஞ்ச நாளாகத் தாமதமாகச் சிரிக்கிறாள் என்று இவள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். வயசாகுதில்ல, என்று அவர் பதில் சொன்னார். தலையாட்டலும் அப்படித்தான். திரைச்சீலைத் துணி விலை ஏறிவிட்டதென்று சொன்னாலும் அதே தலையாட்டல், பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போனதற்கும் அதே தலையாட்டல். நேற்று டாக்டர் சொல்லச் சொல்ல இவள் சொன்னாளே, ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேஷன், ஆனால் இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள், கண்விழி அசையக் கூடாதாம், சில நாள் இருட்டாகத்தான் இருக்கும், பயப்படாதே, பிறகு அவிழ்த்துவிடுவார்கள் என்று. அதற்கும் அதே தலையாட்டல்தான். காது கேட்காதவள் மயக்கம் தெளிந்து விழிக்கும்போது கண்ணும் இல்லையென்றால் அவளுக்கு உலகத்தில் என்ன மிச்சம்? கட்டைப் பிய்த்து எறிந்துவிடுவாள். பிய்த்தால் கண் போய்விடும்.

"அவளுக்குத் தெரியாது," என்றாள். "என்னங்க, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவ சும்மா தலையாட்டியிருக்கா."

வீட்டுக்காரர் எழுந்துவந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "இப்ப கூப்பிடு," என்றார்.

அளக்க வந்தவர் பெட்டியை எடுத்துவைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "என்னையும் அதே கால்ல சேத்துக்குங்க மேடம். நான் எதிர்ல பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்குறேன். நீங்க கைய அப்படியே வெச்சுருங்க, ஆட்டாதீங்க. ஆடாத படம் கொஞ்சம் கொஞ்சமா சேந்து வந்துரும். வந்ததும் உங்களுக்கே தெரியும்."

"உங்களுக்கு அடுத்த வீடு இருக்குமே சார்?"

"இருக்கு," என்றார். "அவங்களும் ஃபெயில் ஆகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. இருக்கட்டும்."

அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஜன்னல் திறந்திருந்தது, அங்கே இன்னும் காலை வெயில். சலவைப் பிரிவில் கூட வேலை பார்க்கும் தோழி போனைப் பிடித்திருந்தாள். அவள் பேசுவது வேறு மொழி. நாளெல்லாம் ஒரு படுக்கைவிரிப்பின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து மடிப்பவர்கள், அவர்களுக்குள் பேச்சு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. அக்கா புருவத்திலிருந்து நைந்த உதடுவரை துல்லியமாகத் தெரிந்தாள். தரத்துக்கு மேலேயே வந்துகொண்டிருந்தாள்.

இவள் ஒரு கையைத் தூக்கி நிறுத்தினாள். எதிரே அளக்க வந்தவர் தன் போனை முகம்பார்க்கும் கண்ணாடிபோலத் திருப்பிப் பிடித்திருந்தார். அதில் சதுரங்கள் தயங்கின, ஒன்றோடொன்று ஒட்டின, மெதுவாக ஒரு கை ஆனது. அடுத்தது. மறுபடி காத்திருத்தல். மறுபடி ஒரு கை. தையலைப் பிரித்துத் தைக்கிறபோதுகூட இவ்வளவு பொறுமையாக அவள் இருந்ததில்லை.

அக்கா சிரித்தாள். அக்காவின் கைகள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'என்னடி இது, தண்ணிக்குள்ள நின்னு பேசுற.'

'உனக்கு நான் சரியா தெரியுறதில்லையா?'

அக்காவின் சிரிப்பு நின்றது. தோழியைப் பார்த்தாள், திரும்ப இவளைப் பார்த்தாள். 'சதுரம் சதுரமா தெரிவ.'

'ஏன் சொல்லல?'

'முன்னாடி ஒரு தடவ சொன்னேன். நல்லா தெரியுறப்ப பேசலாம்னு போன வெச்சுட்ட. ரொம்ப நாள் நீ வரவே இல்ல. அப்புறம் எதுக்குச் சொல்லணும்? சதுரமா இருந்தாலும் நீதான.'

இவளுடைய கைகள் பழைய வேகத்தில் பதில் சொல்லப் பாய்ந்தன. போனில் சதுரங்கள் சிதறின. "ஆட்டாதீங்க மேடம்," என்றார் அளக்க வந்தவர், மிக மெல்ல. வீட்டுக்காரர் பின்னாலிருந்து அவள் இரண்டு முழங்கைகளையும் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கண்ணைக் காட்டினாள். இரண்டு கண்ணையும் காட்டினாள். கட்டுவதுபோல் காட்டினாள். பிறகு இல்லாத போர்வை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் இழுத்து, அப்படியே காத்திருந்தாள். எதிர்ப் போனில் அந்தப் போர்வை அங்குலம் அங்குலமாக வந்து சேர்ந்தது.

அக்கா தலையாட்டவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக ஆட்டவில்லை. 'ரெண்டு கண்ணுமா?' என்று கேட்டாள். 'ரெண்டையுமா?' பிறகு கை தளர்ந்து கட்டில்மேல் விழுந்தது. சற்றுக் கழித்து அந்தக் கை மட்டும் எழுந்து கேட்டது: 'அப்ப நீ?'

சின்ன வயசில் விளக்கை அணைத்ததும் அக்கா அழுவாள். மற்றவர்களுக்கு இருட்டில் குரலாவது இருக்கும், அவளுக்கு இருட்டு என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போய்விட்டதுபோல. அப்போது இவள் பாயில் கையை ஊர்ந்து கொண்டுபோய் அக்காவின் மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். இங்கேதான் இருக்கிறேன். அக்கா திரும்பத் தட்டுவாள். சில ராத்திரி தூங்கும்வரைக்கும் இந்தத் தட்டுதான்.

இவள் இடது மணிக்கட்டைத் திருப்பி போனுக்குக் காட்டினாள். வலது கையின் இரண்டு விரலை அதன்மேல் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். மிக மிக மெதுவாக. பிறகு தோழியைச் சுட்டினாள். மறுபடி மணிக்கட்டைக் காட்டினாள்.

தோழிக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. அக்கா போனை அவள் கையிலிருந்து வாங்கித் தலையணையில் சாய்த்து வைத்தாள். தோழியின் இரண்டு விரலைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் வைத்துத் தட்டிக் காட்டினாள். தோழி செய்தாள். கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டாள். படுக்கைவிரிப்பு உதறுகிற கை. அக்கா முகத்தைச் சுளித்துக் காட்ட இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மேசைமேல் மடிக்கணினி இன்னும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. பாதி தைத்த திரைச்சீலையின் ஒரு மூலை அதனால் பச்சையாகியிருந்தது. அளக்க வந்தவர் கை வலித்திருக்க வேண்டும், இடது கைக்குப் போனை மாற்றிக்கொண்டார், ஆனால் தாழ்த்தவில்லை.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டு, மணிக்கட்டைத் திருப்பி, கையை முன்னால் நீட்டினாள். தோழியின் பக்கம் நீட்டவில்லை. நேராக போனை நோக்கி நீட்டினாள். இருட்டுக்குப் பழகிப் பார்க்கிறாள்.

தோழியின் விரல்கள் ஓரத்திலிருந்து வந்து, எங்கே தொடுவது என்று தெரியாமல் நடுவழியில் நின்றன. இவளுடைய விரல்கள் தாமாகவே எழுந்து போன் கண்ணாடியில் அந்த மணிக்கட்டின்மேல் போய் நின்றன. அக்காவின் முகம் அசையவில்லை. இமை அசையவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இவ்வளவு நேரம் துல்லியமாக வந்த படமும் கடைசியில் நின்றுவிட்டதோ என்று இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அங்கே திறந்திருந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்திருக்க வேண்டும். அக்காவின் நெற்றியில் ஒரே ஒரு முடி எழுந்து, ஆடி, மெதுவாகப் படிந்தது.