இது எங்கே கிடைத்தது?

சவப்பெட்டி நடையில் திரும்பவில்லை. வண்டியோடு வந்த இருவரும் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், பின்னால் போய் மறுபடி நுழைத்துப் பார்த்தார்கள். கூடத்திலிருந்து அப்பா கிடந்த உள்ளறைக்குப் போக ஒரே ஒரு நடைதான். அதன் இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை இரும்பு ரேக்குகள், ரேக் முழுக்கக் கல்.

"காலிப் பெட்டியே போகமாட்டேங்குது. ஆளை வெச்சு எப்படிங்க வெளிய எடுக்கறது?" என்றார் இருவரில் மூத்தவர்.

"கல்லையெல்லாம் எடுத்துத் தெருவுல வெச்சிடலாம்" என்றாள் மகள்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. அம்மா இருந்த காலத்தில் ஒரே ஒரு கல்லை நகர்த்திவிட்டுத் துணி மடித்து வைத்ததற்கே மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது மனிதர் மறுப்புச் சொல்ல முடியாத நிலையில் படுத்திருந்தார்.

அப்பாவோடு சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிக் கற்களை வெளியே கடத்தினார்கள். எல்லாம் அம்மோனைட்டுகள். மனிதன் என்று ஒருத்தன் வருவதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால், குவாரி இருக்குமிடம் கடலாக இருந்தபோது அதில் நீந்திய பிராணிகளின் ஓடுகள். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டு, வரிவரியாகக் கல்லாகிப் போனவை. உள்ளங்கையில் அடங்குவதும் உண்டு, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியதும் உண்டு. அப்பா அங்கே மேற்பார்வையாளர். வெடி வைத்து முடித்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள், இவர் பையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்குவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் கொம்புக்கல்லார்.

இவ்வளவு சேர்த்த மனிதர், ஒரு கல்லில்கூட ஒரு சீட்டு ஒட்டவில்லை. எழுதி வைத்தால் எவனாவது படித்துவிடுவான், படித்தால் அந்த இடத்தைத் தோண்டிச் சுரண்டிவிடுவான் என்று பயம். ஆனால் எந்தச் சரிவு, எந்த அடுக்கு என்று தெரியாத கல் வெறும் கல் என்பதும் அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மகளின் மண்டையில் எழுதினார். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கல்லை நீட்டுவார், "இது எங்கே கிடைத்தது?" தலை பின்னும்போது, காய்ச்சலில் கிடக்கும்போது, பரீட்சைக்குப் படிக்கும்போது, "இது எங்கே?" அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் இரண்டு தடவை தப்பாகச் சொல்லிவிட்டுப் பிழைத்துக்கொண்டான். அவளுக்குத் தப்பாகச் சொல்ல வரவில்லை, அதுதான் அவள் தலையெழுத்து. வந்த வரன்களும் வெளியூர் வேலைகளும் வந்த வழியே திரும்பின. "நீ போயிட்டா இதுக்கெல்லாம் யாரு வாய்?" என்பார் அப்பா.

நேற்று மாலை, நோயில் படுத்திருந்த அவரிடம் சொல்லியிருந்தாள். தூரத்து நகரத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும், இந்த முறை விடுவதாக இல்லை. அவர் தலைமாட்டில் தடவி ஒரு கல்லை எடுத்து அவள் முன் நீட்டினார். கை தாங்கவில்லை. அவள் கல்லோடு சேர்த்து அந்தக் கையையும் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். விடியும்போது போய்விட்டார். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

பாதி ரேக் காலியானபோது அப்பாவுக்குத் தெரிந்தவரான கல்லூரி நிலவியல் பேராசிரியர் வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு மரியாதை செலுத்திவிட்டு வெளியே வந்தவர், தெருவோரம் குவிந்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நல்ல மனிதர். கல்லூரியில் இதற்கென்று தனி அறையே ஒதுக்கலாம், அப்பாவின் பெயரையே வைக்கலாம் என்றார். ஒன்றே ஒன்றுதான் வேண்டும், ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று யாராவது கூட உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தங்கச்சிக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம் சார். அவ எங்க போகப் போறா?"

பேராசிரியர் குனிந்து ஒரு கல்லை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இது எங்கம்மா?"

தெற்குச் சரிவு, சாம்பல் அடுக்குக்கு அடியில். நல்ல மழை. பை கிழிந்துவிட்டது என்று அப்பா சட்டையைக் கழற்றி அதில் சுற்றி, வெற்றுடம்போடு நனைந்துகொண்டு வந்தார். வாசலில் நின்ற அம்மா சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை, அவரும் கூடச் சிரித்தார். அவரை ரொம்பப் பிடித்திருந்த நாள் அது.

"ஞாபகம் இல்ல சார்" என்றாள்.

அவர் இன்னொன்றை எடுத்தார். அதற்கும் அதையே சொன்னாள். மூன்றாவதற்கும்.

"நேத்துகூட அப்பா கேட்டப்ப சொன்னியே" என்றான் அண்ணன்.

"அப்பா இருந்தாரு. ஞாபகம் இருந்துச்சு."

பேராசிரியர் கையிலிருந்ததை, எடுத்த இடத்திலேயே பார்த்து வைத்தார். வெறும் கல்லை அப்படி வைக்கத் தேவையில்லை. துக்கத்தில் இப்படி ஆவதுண்டு, பிறகு ஞாபகம் வந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று மெல்லச் சொல்லிவிட்டு நடந்தார். அவளுக்கு ஓடிப்போய் அவரை நிறுத்த வேண்டும் போல இருந்தது. கால்களை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

பெட்டி இப்போது தாராளமாகத் திரும்பியது. வண்டியில் ஏற்றும்போதுதான் தெருக்கோடியில் வீடு கட்டும் மேஸ்திரி தயங்கித் தயங்கி அண்ணனிடம் வந்தார். கேட்கக் கூடாத நேரம்தான், ஆனால் இதெல்லாம் வேண்டாமென்றால் அஸ்திவாரத்துக்கு ஆகும், ஆளும் தள்ளுவண்டியும் தயாராக இருக்கிறது, தெருவும் காலியாகிவிடும்.

"அவளையே கேளுங்க. அவதான எல்லாம்" என்று அண்ணன் வெடுக்கென்று சொன்னான்.

"எடுத்துக்குங்க" என்றாள் அவள்.

அண்ணன் பல்லைக் கடித்தான். எடுத்து முடியும்வரை வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டுமே, நீயே இரு என்றான். கூட வருகிறேன் என்று சொல்ல அவள் வாய் திறப்பதற்குள் வண்டியின் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அப்பா தெருமுனை திரும்பிப் போவதைக் கற்களுக்கு நடுவில் நின்று பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

தள்ளுவண்டி வந்தது. மேஸ்திரியின் ஆள் ஒவ்வொன்றாக எடுத்துத் தொப் தொப்பென்று போட்டார். பெரியவற்றைச் சம்மட்டியால் இரண்டாக உடைத்துப் போட்டார். கொஞ்ச நேரம் வேலை செய்தவர் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்னம்மா, எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?"

"இல்ல" என்றாள். "நீங்க போடுங்க."

அவர் அடுத்ததை எடுத்தார். வடக்குச் சரிவு, மஞ்சள் களிமண்ணுக்குக் கீழே, சிப்பி அடுக்கைத் தொட்டாற்போல்.