நான்கு மைக்ரான்

நூற்று நாற்பது ஷாஃப்ட்டுகளை மதியம் மூன்று மணிக்கு அறுத்துப்போட வேண்டும் என்று மேலாளர் அப்பாத்துரை சார் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதே தாளில் இரண்டாவது வரி: இசக்கியப்பன் கிரைண்டிங் மெஷினிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றப்படுகிறார்.

இரண்டு வரிகளுக்கும் ஆதாரம் நான் எழுதிய ரெஜிஸ்டர்.

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள் நான். பேட்டை தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாள் வேலை, இரண்டு நாள் பொறியியல் வகுப்பு. மூன்று வருடத்தில் பட்டம். வேன்களின் கியர்பாக்ஸில் சுழலும் எஃகுத் தண்டு, ஷாஃப்ட், செய்கிறோம். என் இடம் அளவு அறை. ஏ.சி. உண்டு, பேச ஆள் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் நாற்பது மில்லிமீட்டர். அதற்கு மேல் இரண்டு மைக்ரானிலிருந்து பதின்மூன்று மைக்ரான் வரை இருக்கலாம். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். பெரிதாக இருந்தால் மறுபடி கிரைண்ட் செய்து குறைக்கலாம். சிறிதாகிவிட்டால் வழியில்லை. இசக்கியப்பன் அண்ணன் எப்போதும் நான்கிலோ ஐந்திலோ நிறுத்துவார். மூன்று வாரமாகச் சில ஷாஃப்ட்டுகள் பூஜ்யம், ஒன்று என்று காட்டின. அவற்றுக்கு நான் சிவப்பு பெயிண்ட் வைத்தேன்; மொத்தம் நூற்று நாற்பது.

அன்று காலை தரப் பிரிவு சூப்பர்வைசர் செந்தில்முருகன் சார் தாளை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு வந்தார். நான் ரெஜிஸ்டரோடு பின்னால் நின்றேன்.

"கிரைண்டிங் வீல மாத்தியாச்சு, கூலன்ட்ட மாத்தியாச்சு. இனி உம்மத்தான் மாத்தணும் வே."

இசக்கியப்பன் அண்ணன் தாளைப் படித்தார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. இந்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவர்.

"மெஷின் நல்லாத்தான் ஓடுது சார். பெரிய சார் வாற அன்னைக்குத்தான் மக்கர் பண்ணுது. அவரக் கண்டா அதுக்கும் பயம் போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செந்தில்முருகன் சாரும் சிரித்துவிட்டார்.

நான் அளவு அறைக்குப் போய் ரெஜிஸ்டரைத் திறந்தேன். மூன்று வாரமாகத்தான் அப்பாத்துரை சார் திங்களும் வியாழனும் பதினொரு மணிக்குச் சுற்றிப் பார்க்க வருகிறார். மூன்று வாரத்தில் ஆறு நாள். சிவப்பு பெயிண்ட் வைத்த ஷாஃப்ட்டுகள் எல்லாம் அந்த ஆறு நாளில், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் நான் அளந்தவை. மற்ற நாளில் ஒன்றுகூட இல்லை.

அவர் வரும்போது பயப்படுவது மெஷின் இல்லை.

ஒவ்வொரு மணிக்கும், ஷாஃப்ட்டை அளக்கும் கேஜின் முள்ளைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். அதற்கு மாஸ்டர் என்று ஓர் எஃகு உருளை இருக்கிறது; சரியாக நாற்பது மில்லிமீட்டர். அதைக் கையுறை போட்டு எடுக்க வேண்டும். கையுறை எனக்குப் பெரிது, நழுவும். நான் வெறும் கையால் எடுப்பேன், உடனே வைத்துவிடுவேன். பதினொரு மணிக்கு எடுக்கும்போது அப்பாத்துரை சார் பின்னால் வந்து நிற்பார். எத்தனை ஆச்சு, வகுப்பு எப்படிப் போகுது என்று கேட்பார். நான் மாஸ்டரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வேன். அவர் போன பிறகு பூஜ்யம் வைப்பேன்.

எஃகு, நாற்பது மில்லிமீட்டர், எட்டு டிகிரி சூடு ஏறினால் எவ்வளவு விரியும்? முதல் வருடப் பாடம். ரெஜிஸ்டரின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய நான்கு மைக்ரான். விரிந்த மாஸ்டரை வைத்து அளந்தால் நல்ல ஷாஃப்ட்டும் நான்கு மைக்ரான் சிறிதாகத் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் செய்து பார்த்தேன். அதே நான்கு வந்தது. மறுபடி பார்த்தேன். மறுபடியும் வந்தது.

அப்ரண்டிஸ் மதிப்பீடு அடுத்த வாரம். சொன்னால் என் தவறு என்று எழுதுவார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இதை யோசித்துக்கொண்டே இருந்ததில் மூன்று மணி ஆகிவிட்டது. பின் முற்றத்தில் அறுக்கும் மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

ஓடினேன். முதல் ஷாஃப்ட் பாதி அறுபட்டிருந்தது. அப்பாத்துரை சாரும் செந்தில்முருகன் சாரும் பக்கத்தில் நின்றார்கள்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்."

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். ஷாஃப்ட் இரண்டாகி விழுந்தது. இசக்கியப்பன் அண்ணன்தான் அடுத்ததைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். மெஷின் நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ள, கை கிய்யி பட்டுட்டா?" என்றார் இசக்கியப்பன் அண்ணன்.

"ஷாஃப்ட் எல்லாம் சரியா இருக்கு சார். நான்தான் தப்பா அளந்துட்டேன்."

அப்பாத்துரை சார் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படிச் சொல்லுத?"

"காட்டுதேன் சார்."

அளவு அறையில் நால்வர் நிற்க இடம் போதாது. நின்றோம். முற்றத்துக்குக் கொண்டுபோகாமல் அறையிலேயே கிடந்த சிவப்பு வைத்த ஷாஃப்ட் ஒன்றை எடுத்தேன். கையுறை போட்டு, குளிர்ந்த மாஸ்டரால் பூஜ்யம் வைத்தேன். ஷாஃப்ட்டை வைத்தேன். முள் ஐந்தில் நின்றது. பிறகு கையுறையைக் கழற்றி மாஸ்டரைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"அஞ்சு நிமிஷம் இருக்கணும் சார்."

மூன்று பேரும் என் கையையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் இருந்ததில்லை.

"முட்ட அடகாக்குத மாதிரில்லா இருக்கு," என்றார் இசக்கியப்பன் அண்ணன்.

"சும்ம இரும் வே," என்றார் செந்தில்முருகன் சார்.

பூஜ்யம் வைத்தேன். அதே ஷாஃப்ட். முள் ஒன்றில் நின்றது.

செந்தில்முருகன் சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "நானும் இவ வச்ச பூஜ்யத்துலதான சார் சோதிச்சேன்," என்றார் மெதுவாக.

"நான் வரும்போதெல்லாம் இப்படித்தான் பிடிச்சிட்டு நின்னியா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

பதில் தெரியும். மாஸ்டரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். அவர் செந்தில்முருகன் சாரிடமிருந்து அந்தத் தாளை வாங்கி இரண்டு வரிகளையும் அடித்தார். அடியில் ஏதோ எழுதினார்.

"எல்லாத்தையும் திரும்ப அள. அஞ்சு மணிக்கு லாரி."

"வெளிய வெயில்ல கெடந்ததெல்லாம் ஆறணும் சார். அஞ்சுக்கு முடியாது. ஆறு."

"ஆறா?"

"ஆறு சார்."

அவர் போனை எடுத்து லாரிக்காரரிடம் ஆறு என்றார்.

அறுபட்ட ஒன்று போக நூற்று முப்பத்தொன்பது. இசக்கியப்பன் அண்ணன் தின்னரால் சிவப்பைத் துடைத்துத் துடைத்து நீட்டினார். நான் அளந்து எண் சொன்னேன். செந்தில்முருகன் சார் எழுதினார். நான்கு. ஐந்து. நான்கு. ஐந்து. மூன்று ஷாஃப்ட்டுகள் மட்டும் உண்மையிலேயே சிறிதாக இருந்தன.

"அந்த மூணு என்னது சார்," என்றார் இசக்கியப்பன் அண்ணன். "அதுக்கு மறுப்பு இல்ல."

"மாஸ்டரக் கையில பிடிச்சது நான்தான்னு ரெஜிஸ்டர்ல எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"நான் எழுதிட்டேன்," என்றார் செந்தில்முருகன் சார். "கண்டுபிடிச்சது யாருங்குததும் அடுத்த வரியில இருக்கு."

நூறைத் தாண்டியபோது அப்பாத்துரை சார் மறுபடி உள்ளே வந்தார். என் தோளுக்கு மேலே குனிந்து, மூக்கு முள்ளைத் தொடும் அளவுக்கு எட்டிப் பார்த்தார்.

"சார்," என்றேன்.

"என்னம்மா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மூச்சுச் சூடு கேஜ்ல படுது."

இசக்கியப்பன் அண்ணனின் கை தின்னர் துணியோடு நின்றது. அப்பாத்துரை சார் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார்.

நான் அடுத்த ஷாஃப்ட்டை வைத்தேன்.

"அஞ்சு," என்றேன்.