ஏசி ரூமில் இரும்புத்தூள்

வருங்கால மாமனார் துளசிராமன் வாங்கிக் கொடுத்த போனில் சமீபமாக எந்தப் பாட்டும் முழுசாக ஓடவில்லை. பல்லவி முடியும், தபலா ஏறும், கழுத்தை நெரித்த மாதிரி அப்படியே நிற்கும். பட்டனை அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கி அரை நிமிடத்தில் மறுபடி செத்துப்போகும்.

2008-இல் அது சின்ன அவமானம் இல்லை. நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலைக்கு மேல் வைத்து மாப்பிள்ளை பார்த்திபனுக்குக் கொடுத்த சைனா செட் அது. பின்னால் நாலு ஸ்பீக்கர். ஆரம்பாக்கத்தில் பாதி ஊர் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பார்த்திபன் பாட்டுப் போட, மூன்று தடவை நின்றது. பங்காளி ஒருத்தர், "இன்னா துளசி, போனு வாங்கினியா பொம்மை வாங்கினியா?" என்று கேட்டுவிட்டார்.

அதை விழுங்குகிற ஆள் இல்லை துளசிராமன். புதன்கிழமை பகலில் மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கவரைப்பேட்டைக்கு வந்தார். ஸ்டேஷன் பக்கத்தில் போனை வாங்கிய கடையிலேயே கண்ணாடி மேல் அதைப் போட்டார்.

"பாய், ஒரு வருசம் கேரண்டின்னு சொன்னியா இல்லியா?"

கடைக்காரன் மொஹசின் பழவேற்காட்டுக்காரன். வாயில் பாக்கு. "சொன்னேன் நைனா. இன்னா பேஜாரு பண்ணுது?"

"பாட்டு பாதில நிக்குது. வேற போனு குடு."

"பாக்காம எப்படி நைனா குடுக்கறது?"

மொஹசின் மெமரி கார்டைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டான். பாட்டு நின்றது. தன் கார்டைப் போட்டான். நின்றது. பேட்டரியை மாற்றினான். கார்டையே எடுத்துவிட்டு போனுக்குள்ளேயே இருந்த பாட்டை ஓடவிட்டான். அதுவும் நின்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் துளசிராமன், "பாத்தியா, பாத்தியா" என்று ஜெயித்த மாதிரி கையைத் தட்டினார். பார்த்திபனும் கூடவே சிரித்தான். அவனுக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை.

மொஹசின் விளக்கை இழுத்து, இயர்போன் சொருகும் ஓட்டையைப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கர் வலையைப் பார்த்தான். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, போனைத் திறந்து அதன்மேல் தட்டினான். கறுப்பாகப் பொடி உதிர்ந்தது. இன்னும் ஸ்பீக்கரில் மயிர் முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதான் நைனா. ஸ்பீக்கர்ல காந்தம் கீது. தூளை இஸ்து வெச்சிக்கும். அது இந்த ஓட்டைல பூந்துச்சின்னா, யாரோ இயர்போன் பட்டனை அமுக்கறாங்கன்னு போனு நெனச்சிக்கினு பாட்டை நிறுத்திடும்."

"தூளுன்னா? மண்ணா?"

"மண்ணா?" மொஹசின் மேஜைக்குக் கீழே கிடந்த பழைய காந்தத்தை எடுத்துத் தாளுக்கு அடியில் பிடித்தான். பொடி மொத்தமும் எழுந்து முள்முள்ளாக நின்றது. "இரும்பு. மாப்ளைக்கு இன்னா, கிரைண்டிங்ல வேலையா?"

பார்த்திபன் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"யோவ், அவரு ஆபீசரு. குவாலிட்டில. ஏசி ரூமு. பர்மனென்ட்டு."

"ஏசி ரூம்ல இரும்புத்தூள் ஏது நைனா? இவரு ஏசில இன்னா காத்து வருதா, தூளு வருதா?" மொஹசின் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். அவனுக்கு வேறு போன் கொடுக்கிற பொறுப்பு தப்பியது, அவ்வளவுதான்.

பார்த்திபன் வேலை பார்த்தது ஏசி ரூமில் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு காஸ்டிங் கம்பெனி. வார்த்தெடுத்த இரும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கிற வேலை. அதுவும் கான்ட்ராக்டில். பத்தாவதுக்கு மேல் படிக்காதவனுக்கு அந்த ஊரில் வேறு என்ன கிடைக்கும்? ஆனால் பெண் கேட்டுப் போகும் இடமெல்லாம் முதல் கேள்வி "பர்மனென்ட்டா?" என்பதுதான். மூன்று இடம் தட்டிப்போன பிறகு நாலாவது இடத்தில் பொய் சொன்னான். துளசிராமன் விசாரிக்க வந்தபோது கூட வேலை செய்யும் கலியன்தான் கேட்டில் நின்று, "சார் உள்ளே மீட்டிங்ல இருக்காருங்க" என்று காப்பாற்றினான். கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள்.

துளசிராமன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னா மாப்ள?"

"கலியன்னு ஒருத்தன் மாமா," என்றான் பார்த்திபன். யோசிக்கவே இல்லை, வாயே சொன்னது. "கிரைண்டிங்ல லேபரு. நான் போனை டேபிள்ல வெச்சிட்டுப் போனா எடுத்துக்கினு போயிடறான். பாட்டு கேக்கறதுக்கு."

"கேக்காமயா?"

"கேக்காமதான் மாமா."

துளசிராமன் தன் போனை எடுத்து நீட்டினார். "அவனுக்குப் போடு. சத்தமா வை, நானும் கேக்கணும்."

நாலாவது மணியில் கலியன் எடுத்தான்.

"டேய், நான் பார்த்திபன் சார் பேசறேன். எம்போனை எடுத்துக்கினு போய் கிரைண்டிங்ல வெச்சிக் கெடுத்தது நீதானேடா? என் மாமா பக்கத்துல நிக்கறாரு, உண்மையச் சொல்லு."

எதிர்முனையில் ஒரு குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கலியன், "தப்புதான் சார். தெரியாம பண்ணிட்டேன் சார்," என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் அப்படிப்பட்டவன்.

துளசிராமன் போனைப் பிடுங்கி, கலியனின் அம்மாவிலிருந்து தொடங்கி அவன் சேரிவரைக்கும் ஒன்றும் விடாமல் திட்டினார். மொஹசின் பாக்கு மெல்லுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தான். "ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்டா? கேட்டாண்ட நில்லுடா, வரேன்," என்று முடித்தார்.

"வுடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

"நம்ம பொருளைத் தொட்டவனை சும்மா வுட்டா நாளைக்கு ஊட்டுக்குள்ள கைய வெப்பான். வா."

ஒன்றே முக்காலுக்குக் கம்பெனி கேட்டில் சைக்கிள்களும் ஷேர் ஆட்டோக்களும் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. கலியன் டீக்கடை ஓரமாக நின்றான். கையில் தூக்குவாளி. பார்த்திபனைவிட நாலு வயது பெரியவன், பாதி எடை.

"இவன்தானா? அன்னிக்கு எங்கிட்ட பேசினவனாச்சே," என்றார் துளசிராமன். "சரி. அடி மாப்ள."

"மாமா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஆபீசர் லேபரை அடிச்சா எவன் கேப்பான்?"

பார்த்திபன் கிட்டே போனான். கலியன் உதடு அசையாமல், "அடிச்சிட்டுப் போ மச்சான். டைம் ஆவுது," என்றான்.

அடித்தான். பூப் போட்ட மாதிரி.

"இன்னா, கொசு அடிக்கறியா?" என்றார் துளசிராமன்.

இரண்டாவது அடி காதோடு விழுந்தது. வாளி கீழே விழுந்து சோறு மண்ணில் கொட்டியது. வந்தவர்களில் நாலைந்து பேர் நின்றார்கள். பார்த்திபனையும் தெரியும், கலியனையும் தெரியும். ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதில் எவனாவது வாயைத் திறந்து "இன்னாடா பார்த்தி" என்று கூப்பிட்டால் எல்லாம் முடிந்தது. அந்தப் பயத்தில் மூன்றாவது அடியை யாரும் சொல்லாமல் அவனே அடித்தான். அதுதான் பலமானது. கலியன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கையால் துடைத்துப் பார்த்தான், பார்த்திபனைப் பார்த்தான். பிறகு குனிந்து காலி வாளியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டான்.

துளசிராமன் மாப்பிள்ளை தோளில் கை போட்டு வண்டிக்கு அழைத்துப் போனார். குரல் இதமாக இருந்தது.

"கடையில தூளு எழுந்து நின்னப்பவே தெரிஞ்சி போச்சி, பார்த்தி."

மாப்ள இல்லை. பார்த்தி.

"மாமா..."

"இரு. பத்திரிகை அடிச்சி ஊருக்கெல்லாம் குடுத்தாச்சி. இப்ப நிறுத்தினா எம்பொண்ணு பூமிகாவைத்தான் நாலு பேரு பேசுவான். கல்யாணம் நடக்கும். ஆனா ஆபீசருக்குக் குடுக்கற மரியாதை கெடைக்கும்னு நெனச்சிக்காத. கல்யாணம் முடிஞ்சதும் இந்த வேலைய வுட்டுட்டு எங்கூட்டுக்கு வந்துடு. எட்டு ஏக்கரா கீது. பாத்துக்க ஆளு இல்ல. சம்பள ஆளு எதுத்துப் பேசறான். எனக்கு சொன்னா கேக்கற ஆளு வேணும். உனக்காகப் பொய் சொன்னவனையே நான் சொன்னேன்னு அடிச்ச பாரு, நீ கேப்ப."

பார்த்திபனுக்கு மூன்று இடம் தட்டிப்போனது ஞாபகம் வந்தது. தலையை ஆட்டினான்.

"அதான். போ, உள்ளே போ. லேட்டானா கான்ட்ராக்டர் அரை நாள் கட் பண்ணுவான் இல்ல?" வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

டோக்கன் போட்டுவிட்டு உள்ளே போனபோது சக்கரங்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. கிரைண்டிங்கில் இரண்டு பேர் ஒரு ஜோடி. மூன்று மாதமாக அவனுக்கு ஜோடி கலியன். பம்ப் காஸ்டிங் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல், ஒருத்தனால் தூக்க முடியாது. கலியன் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தபடி காத்திருந்தான். மற்றவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பார்த்திபன் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தான்.

"தூக்குங்க சார்," என்றான் கலியன்.