எலிப்பாலில் முளைத்தது

மாட்டைக் கறப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவள் கறந்தது சுண்டெலியை. காலையில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பாள். மதியத்துக்குள் மடி கட்டிக்கொள்ளும். பால் இறங்க ஊசி போட்டு, மெல்லிய குழாயால் உறிஞ்சினால் நாலு சொட்டு தேறும். அந்தப் பாலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தின் வேலை. கூட வேலை செய்பவர்கள் அவளைப் 'பால்காரி' என்று கேலி செய்வார்கள். பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய பிறகு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

குறைமாதக் குழந்தை. ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அவள் அழவில்லை. கணவன் போட்டதைத் தின்றாள், சொன்ன வேலையைச் செய்தாள். மனசு மரத்துப்போனவளுக்கு அதுவே பெரிய காரியம். உடம்புக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலும். பால் சுரந்துகொண்டே இருந்தது. அதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று ஆய்வகத்தை நடத்தும் மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தாய்ப்பால் குடிக்கும் மனிதக் குழந்தைகளின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா, எலிப்பாலில் முளைத்திருக்கிறது. அந்தப் பாலைத் தடவிய வளர்ப்புத் தட்டு நிறைய வெள்ளைப் பொட்டுகள். இத்தனை வருஷ உழைப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று இயக்குநரிடம் சொல்லக் கிளம்பினார்.

அவளுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அந்த எலியைக் கறந்த அன்று, பிரித்து வைத்த குட்டிகள் கீச்சிட்டதும் அவள் மார்பு நனைந்துவிட்டது. கோட்டுக்குள் கைவிட்டுத் துணியைச் சரிசெய்தாள். அதே கையுறையோடு குழாயை எடுத்தாள். நேற்றுச் சேர்ந்தவள்கூடச் செய்யாத தப்பு. சொன்னால் வேலை போகலாம். அதைவிட, சொல்லவே வெட்கமாக இருந்தது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

"மேடம், அது எலியோடது இல்ல. என்னோடது."

மேடத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "உனக்கு இன்னுமா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டை நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிடச் சொன்னார். கலப்படமான எதற்கும் அங்கே அதுதான் வழக்கம்.

எடுத்துக்கொண்டு போனாள். நீராவிக் கலனின் மூடியைத் திறந்தாள். உள்ளே வைக்கக் கை வரவில்லை. பொட்டுகள் கொழுகொழுவென்று இருந்தன. தட்டோடு திரும்பி வந்து மேடத்தின் முன்னால் நின்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும் மேடம். என் பால்ல வளந்தது இது ஒண்ணுதான்."