ஸ்ட்ரோலரின் பிரேக்

அன்று டெல்லி துவாரகா பகுதியிலுள்ள வீட்டு ஹாலில் இருந்தவர்கள் இவர்கள். பாலசுப்ரமணியம், ஜன்னலோரத்து ஒற்றை சோபாவில், காலடியில் ஹீட்டரோடு. அவருடைய மனைவி ருக்மிணி, சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மடியில் பச்சைப் பட்டாணித் தட்டோடு. மகன் அர்விந்த், ஏர்போர்ட் டியூட்டி முடித்து வந்த சட்டையைக்கூட மாற்றாமல், திவானில் சம்மணம் போட்டு. மகள் சுபாஷிணி, படுக்கையறை வாசலில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக. உள்ளே அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தை ஸ்மிருதி தூங்கிக்கொண்டிருந்தாள். மருமகன் வைத்தி, வெளிக்கதவை ஒட்டி, ஷூ மாட்டுவதற்கு உட்காரும் முக்காலியில். அவனை அங்கே உட்காரச் சொன்னவர் யாருமில்லை. உட்கார்ந்த பிறகு, இங்கே வந்து உட்காருங்கள் என்று சொன்னவரும் இல்லை. எல்லோருக்கும் நடுவில், ஹீட்டருக்கு எதிரே, குழந்தையின் ஸ்ட்ரோலர் நின்றது.

போன ஞாயிறு காலையில் நடந்தது இவ்வளவுதான். வைத்திக்கு ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்து மலை மந்திர் கோயில் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். நல்ல பனி. திரும்பி வரும் வழியில், சரிவான ரோட்டில், குழந்தை ஒரு கால் சாக்ஸை உதறிப் போட்டுவிட்டது. பின்னால் கிடந்ததை எடுக்க நாலு எட்டு நடந்தான். திரும்பிப் பார்க்கும்போது வண்டி போய்க்கொண்டிருந்தது. வேகமாகக்கூட இல்லை, யாரோ நிதானமாகத் தள்ளிக்கொண்டு போவது போலப் போய், நடைபாதைக் கல்லில் இடித்துக் கவிழ்ந்தது. புருவத்துக்கு மேலே பிளந்து தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தே சுபாஷிணி குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போனாள். ஸ்ட்ரோலரும் கூடவே போனது.

இப்போது தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் பிரேக்கை அமுக்கினானா இல்லையா? அமுக்கினான் என்றால் அது விபத்து, சுபாஷிணியும் குழந்தையும் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பலாம். அமுக்கவில்லை என்றால், பிள்ளையை இவனை நம்பி எப்படி அனுப்புவது?

அர்விந்த் இறங்கி வந்து காலால் பிரேக்கை அமுக்கினான். டிக் என்று சத்தம் கேட்டது. வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினான். சக்கரம் இம்மிகூட அசையவில்லை. எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினான். மறுபடியும் டிக்.

"அத்தான், தேக்கியே. ஏக்தம் லாக் ஆகுது. பிரேக்ல கோயி ப்ராப்ளம் நஹீ," என்றான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தமிழ் இவ்வளவுதான் வரும். குற்றம் சாட்டுகிற குரலில்லை, லக்கேஜில் கோளாறு இல்லை என்று பயணியிடம் சொல்லும் குரல்.

ருக்மிணி பட்டாணியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள். "சப்ஜி மண்டியில ஒவ்வொரு வெண்டைக்காயையும் ஒடிச்சுப் பாத்துத்தான் வாங்குவாரு. அந்தக் கவனம் பிள்ளைய தள்ளிட்டுப் போறப்ப எங்க போச்சாம்?"

பாலசுப்ரமணியம் மனைவியைக் கையமர்த்தினார். நாகர்கோவிலிலிருந்து சின்ன வயதில் வந்து, மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். எதையும் இரு தரப்பும் கேட்டு முடிப்பதுதான் அவர் வழக்கம். மாப்பிள்ளை மனதில் உள்ளதைச் சொல்லட்டும் என்றார்.

வைத்தி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சுபாஷிணி கேட்டாள். அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

"அமுக்குனீங்களா?"

"அமுக்கினேன்னுதான் நினைக்கிறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள், குழந்தை எழுந்துவிடும் என்று.

அதற்கு மேல் பாலசுப்ரமணியம் சொன்னதெல்லாம் மரியாதையாகத்தான் சொன்னார். மகளும் பேத்தியும் கொஞ்ச காலம் இங்கே இருக்கட்டும். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் வரலாம், குழந்தையோடு இருக்கலாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வெளியே மட்டும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். எத்தனை காலம் என்று வைத்தி கேட்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையதாகவே இராதே, அப்படித்தான் அவனுக்கு உடம்பு முழுக்க இருந்தது. ருக்மிணியின் மடியில் பட்டாணி தீர்ந்துபோய்த் தோல் மட்டும் மிச்சமிருந்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது ருக்மிணி ஸ்ட்ரோலரைக் காட்டினாள். வாரில் ரத்தம் காய்ந்து கிடக்கிறது, கொண்டுபோய்க் கழுவுங்கள், இல்லை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள்.

மெட்ரோவில் அதை மடிக்கத் தோன்றாமல் அப்படியே தள்ளிக்கொண்டு போனான். ஜனக்புரியில் மாறி ஏறியபோது பக்கத்தில் நின்ற பெண் வழக்கம்போலக் கொஞ்சுவதற்காகக் குனிந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. "பேபி கஹான் ஹை?" என்று கேட்டாள். "கர் பே," என்றான். எந்த வீட்டில் என்று அவள் கேட்கவில்லை.

ஸ்ட்ரோலர் பின்பால்கனியில் ஒரு வாரம் நின்றது. அந்த வாரம் முழுக்கப் பனி கலையவே இல்லை. வைத்தி ஆபீசுக்குப் போனான், வந்தான். அவன் தபால் பிரிவில் வேலை பார்ப்பவன். வந்த கடிதத்தைப் பதிவது, போகும் கடிதத்தை ஒட்டி அனுப்புவது. அதில் தப்பு ஒன்றும் வரவில்லை. வீட்டில் ஹீட்டர் போடவில்லை. தனியாளுக்கு எதற்கு என்று நினைத்துப் போடாமல் விட்டது அல்ல, நினைப்பே வரவில்லை. வார நடுவில் சுபாஷிணி போன் செய்து, குழந்தையின் தையலைப் பிரித்தாகிவிட்டது என்றாள். சரி என்றான். அடுத்து வந்த ஞாயிறு மாமனாருக்கும் மாமியாருக்கும் குருகிராமில் ஒரு கல்யாணம், வர வேண்டாம் என்று அர்விந்த் செய்தி அனுப்பியிருந்தான். அதற்கும் சரி என்று பதில் போட்டுவிட்டு, கழுவச் சொன்ன வண்டி ஞாபகம் வந்து பால்கனிக்குப் போனான்.

எதையும் வரிசையாகச் செய்கிறவன். முதலில் மேல்மறைப்பைக் கழற்றினான். பிறகு சீட் துணி. பின்பக்கத்துப் பட்டன்களை விடுவித்து, அடியில் இருந்த அட்டையை உருவி எடுத்தான். பிஸ்கட் தூள் கொட்டியது. காய்ந்த சோற்றுப் பருக்கை, ஒரு மாதுளை விதை, கிளிப் ஒன்று. எல்லாவற்றையும் பழைய பேப்பரில் கூட்டி ஒதுக்கினான். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, கறை பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் வாரை ஊறப்போட்டு, துணி சோப்பைத் தொட்டுத் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் நீளவாக்கில் தேய்த்தான். குறுக்கே தேய்த்தால் நார் பிரியும். தண்ணீர் முதலில் பழுப்பாகவும், பிறகு தேயிலைத் தண்ணீர் போலவும், கடைசியில் தண்ணீராகவும் ஆனது. விரல் விறைத்துவிட்டது. அதுவும் யாருடைய விரலோ போலத்தான் இருந்தது. துணிகளைப் பிழியாமல் ஒற்றி, கொடியில் போட்டான்.

அப்புறம் எலும்புக்கூடு மாதிரி நின்ற சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து, தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரங்களுக்கு வந்தான். முன்சக்கரம் இரண்டும் பட்டனை அமுக்கினால் கழன்று வரும். அச்சில் சுபாஷிணியின் தலைமுடி சுற்றியிருந்தது. பிளேடால் அறுத்து எடுத்தான். பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க, பிரேக்கைக் கையால் அமுக்கிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினான்.

சக்கரம் சுற்றியது.

பிரேக் கட்டை கீழேதான் இருந்தது. அமுங்கித்தான் இருந்தது. சக்கரமும் சுற்றியது. அவன் எழுந்து உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான். சக்கரத்தின் உள்பக்கம் பல் பல்லாக இருக்கும்; பிரேக்கை அமுக்கினால் ஒரு முளை வந்து பல் இடுக்கில் விழ வேண்டும். இடுக்கு முழுவதும் வெள்ளையும் கறுப்புமாக ஏதோ அடைத்துக் கிடந்தது. முளை உள்ளே இறங்க இடமில்லாமல் மேலேயே நின்றது. நகத்தால் ஒரு துண்டு பெயர்த்தான். மெழுகு போல வந்தது. விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்ததும் இளகியது. முகர்ந்து பார்த்தான். தேங்காய் எண்ணெய்.

நவராத்திரிக்கு மாமனார் வீட்டார் கொலு பார்க்க வந்திருந்தார்கள். சக்கரம் கீச் கீச்சென்றது. பாலசுப்ரமணியம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, குளியலறையிலிருந்து எண்ணெய்க் குப்பியைக் கேட்டு வாங்கினார். மெஷின் எண்ணெய் வாங்கி வரட்டுமா என்று வைத்தி கேட்டதற்கு, "பிள்ளை கை வச்சு வாயில வைக்கிற சாமான்ல மெஷின் எண்ணெயா? நம்ம ஊர்ல கதவு கத்தினாலும் இதுதான், கால் வலிச்சாலும் இதுதான்," என்றார். ஒரு சொட்டு போதும் மாமா என்றதற்கு, "எண்ணெயிலயும் கணக்குப் பாக்கணுமா மாப்பிள்ள?" என்று சொல்லி, சக்கரம், அச்சு, பிரேக் எல்லாவற்றுக்கும் தாராளமாக விட்டார். கீச் சத்தம் அன்றோடு நின்றது. எல்லோரும் மெச்சினார்கள். வைத்தியும் மெச்சினான்.

அப்புறம் ரோட்டுப் புழுதியெல்லாம் அதில் ஒட்டியது. பிறகு குளிர் வந்தது. டிசம்பர் பிறந்தால் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்து உருக்குகிற வீடுகள்தான் இரண்டும். குப்பி உறையும் என்று தெரிந்தவர்களில் ஒருவருக்கும் சக்கரம் உறையும் என்று தோன்றவில்லை.

வைத்தி வண்டியை உள்ளே கொண்டுவந்து, ஹீட்டரைப் போட்டு அதன் எதிரில் வைத்தான். காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் தரையில் அழுக்கு எண்ணெய் சொட்டியது. பிரேக்கை அமுக்கினான். டிக். சக்கரம் இம்மியும் அசையவில்லை.

ஜெயித்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். இல்லை. அவன் தரையில் சொட்டியதைத் துணியால் துடைத்தான்.

பிரேக்கை எடுத்துவிட்டு, வண்டியைத் திரும்பப் பால்கனியில் வைத்து, இறுகும்வரை இருந்து, மொபைலில் வீடியோ எடுத்தான். அமுங்கிய பிரேக்கும் சுற்றுகிற சக்கரமும் தெளிவாக விழுந்தன. சுபாஷிணிக்கு அனுப்ப எடுத்து, அவள் பெயரைத் தொட்டு, அப்படியே வைத்திருந்தான். அனுப்பினால் அடுத்த வாரமே அவள் பெட்டியோடு வந்துவிடுவாள். எண்ணெய் யார் விட்டது என்பது அவளுக்கும் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். மாமனாரிடம் போய் அவள் என்ன கேட்பாள், எப்படிக் கேட்பாள் என்பதும் இவனுக்குத் தெரியும். பேத்தியின் புருவத்தைப் பார்க்காமல் காலைக் காபி குடிக்காதவர் அந்த மனிதர். அவருக்குச் செய்தி போய்ச் சேரும்போது மகள் வாயிலிருந்து, மனைவிக்கும் மகனுக்கும் முன்னால் சேரும். தன்னை முக்காலியில் வைத்துக் கேட்டது போல அவரை சோபாவில் வைத்துக் கேட்பார்கள்.

சொல்லாமலும் இருக்க முடியாது. இருந்தால் ஸ்மிருதி துவாரகாவில்தான் வளர்வாள்.

வீடியோவை அனுப்பாமல் மூடினான். அவரிடம்தான் சொல்ல வேண்டும், அவரிடம் மட்டும். போன் என்றால் அந்த வீட்டில் எல்லாம் ஸ்பீக்கரில்தான். வாட்ஸ்அப்பை அவருக்கு அர்விந்த்தான் திறந்து படித்துச் சொல்வான். ஆனால் கவரில் வரும் கடிதத்தைப் பெயருக்கு உரியவர் தவிர வேறு யாரும் உடைக்கக் கூடாது என்பது அவர் வேலைக் காலத்திலிருந்தே அந்த வீட்டுச் சட்டம். பேங்க் கடிதத்தைக்கூட ருக்மிணி தொட மாட்டாள்.

சக்கரங்களில் இருந்த எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் சுத்தமாக எடுத்து, உலரத் துடைத்துப் பூட்டிய பிறகு, பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமாவுக்கு வைத்தி எழுதுவது. ஸ்மிருதியின் ஸ்ட்ரோலரைக் கழுவிவிட்டேன். வாரில் கறை போய்விட்டது. இனிமேல் யார் கழுவினாலும் துணியை மெஷினில் போட வேண்டாம், நிழலில் காய்ந்தால் போதும். அச்சில் முடி சுற்றும்; மாதம் ஒரு முறை பார்த்து எடுக்க வேண்டும்.

பின்சக்கரத்து பிரேக்கில் தேங்காய் எண்ணெய் புழுதியோடு உறைந்து இருந்தது. குளிரில் பிரேக் அமுங்குகிறது, பிடிப்பதில்லை. ஹீட்டருக்கு எதிரில் வைத்தால் உருகிப் பிடிக்கிறது. இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். நவராத்திரியில் விட்ட எண்ணெய். அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. ரோட்டில் பிரேக்கை அமுக்கிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தப்பு.

சுபாவிடம் இதைச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் எனக்கு அதையாவது எழுதுங்கள். நான் அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்கள் இரண்டு பேரும் இங்கே வேண்டும். வண்டி தயாராக இருக்கிறது. எண்ணெய் எதுவும் விடவில்லை, கீச்சென்று சத்தம் போடுகிறது."

மறுபடி படித்துப் பார்த்தான். 'தெரியவில்லை' என்ற வரியை அடிக்கலாமா என்று பேனாவை வைத்தவன், அடிக்காமல் மடித்தான். கவரின் மேல் பாலசுப்ரமணியத்தின் முழுப் பெயரையும் ஃப்ளாட் எண்ணையும் எழுதினான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் தபாலாபீஸ் போனான். ஆபீஸ் கடிதங்களோடு சேர்த்து அனுப்பியிருக்கலாம், அது முறையில்லை. அங்கே மேஜையில் கட்டிப் போட்டிருந்த பசைக் குப்பியிலிருந்து எடுத்து, கவரின் மடிப்பில் ஓரம் வரை தடவி, உள்ளங்கையால் அழுத்தி, பிடித்துக்கொண்டது என்று தெரிந்த பிறகு கவுன்ட்டரில் கொடுத்தான்.

"இதுக்கு உள்ளே என்ன?" என்று கவுன்ட்டர் பெண் இந்தியில் கேட்டாள். கடிதம் என்றான். துவாரகாவுக்கா, இதோ இருக்கிற துவாரகாவுக்கா, மெட்ரோவில் போய்க் கையில் கொடுத்திருக்கலாமே என்று சிரித்தாள். அவன் பணத்தை எண்ணி வைத்தான். அவள் ஸ்பீட் போஸ்ட் ஸ்டிக்கரை ஒட்டி, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கவரைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் வாய் திறந்து கிடந்த சாக்குக்குள் போட்டாள்.

பின்னால் நின்றவர், "பாயி சாப், ஜரா ஹட்டியே," என்றார். வைத்தி நகர்ந்து வழிவிட்டான்.