மழைக்கு மறுநாள் பஸ்

பெருமுக்கல் பக்கமிருந்து மரக்காணம் உப்பளத்துக்குப் போகிற காலைப் பஸ்ஸில் அன்றைக்கு எங்கள் ஊரில் ஏறியவள் நான் ஒருத்திதான். கண்டக்டர் கலியன் விசிலைக்கூட ஊதவில்லை, கையால் கம்பியைத் தட்டினார்.

"அம்சவல்லி, வெள்ளிக்கிழமை டிப்போலேர்ந்து ஆபீசர் வர்றாரு. இப்பிடிக் காலியா ஓடுறத பாத்தாருன்னா இந்த டிரிப்ப எடுத்துடுவாங்கம்மா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பஸ்ஸுக்காக ஊரே திரண்டு மனு கொடுத்தது. முதல் நாள் வண்டிக்கு மாலை போட்டு வெடி வெடித்தோம். பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது. அப்புறம் ஆம்பளைகள் ஆளுக்கொரு பைக் வாங்கினார்கள், பொம்பளைகள் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே ஊர், ஒரே உப்பளம். ஆனால் தினமும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிப் பைக் போகிறது. என் புருஷன் சதீஷும் அதில் ஒருவன். அவன் கிளம்புகிற நேரம் அவன் இஷ்டம். பஸ் நின்றுபோனால் நான் அவன் சாவியைத் தேடும் வரை வாசலில் நிற்கவேண்டும். அது என்னால் ஆகாது.

அன்று சாயங்காலமே அவனைப் பிடித்தேன். "போன சித்திரையில மழை கொட்டி உப்பெல்லாம் கரைஞ்சுதே, ஞாபகம் இருக்குதா? வண்டிப் பொகையால கடலும் சூடாவுது, மழையும் காலம் தப்புதுன்னு டிவில சொன்னான். கொஞ்சம் பஸ்ல வாயேன்யா."

"இன்னாடி, எம் பைக்காலதான் மழை பேஞ்சுதா?" என்று சிரித்தான்.

"ஒன்னால மட்டும் இல்ல. ஒன்ன மாதிரி ஊருக்கு ஊரு கிளம்புறானுங்களே!"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டு சூர்யகலாவோ, "பஸ் நின்னா நின்னுட்டுப் போவுது, ஒனக்கு இன்னாக்கா?" என்று நழுவிவிட்டாள்.

வியாழன் மத்தியானம் வானம் கறுத்து, சித்திரை என்றும் பார்க்காமல் மழை அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது உப்பளம் போகிற வழியில் இருக்கிற தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். முதலில் இறங்கிய சதீஷின் பைக் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் போனவர்களும் ஒவ்வொருவராக வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் பஸ் வந்தது. நான் முதல் ஆளாக ஏறிப் படியில் நின்றுகொண்டேன்.

"வாங்க ராசா, வாங்க! மாப்பிள்ளைங்கல்லாம் ஏறுங்க!"

மண்வெட்டியும் தூக்குவாளியுமாக ஊரே ஏறியது. பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. முன் சீட்டில் இருந்த ஆபீசர் திரும்பிப் பார்த்தார், ஆனால் மயங்கவில்லை.

"இது மழைக்கு வந்த கூட்டம்மா. திங்கக்கிழமை வெயில்ல வந்து பாக்குறேன். அப்பவும் ஏறுனா பஸ் ஓடும்" என்றார். நியாயமான பேச்சுதான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

உப்பளத்தில் மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. கடல்காற்று எழும்பி இரண்டையும் கலக்குவதற்குள் வரப்பை மேலாக வெட்டி மழைத்தண்ணியை மட்டும் வடிக்கவேண்டும். கடைசிப் பாத்தியில் தொடங்கி மேலே வரவேண்டும். மேல்பாத்தியை முதலில் திறந்தால் தண்ணி கீழ்ப்பாத்தியில் விழுந்து அங்கிருக்கிற உப்பையும் கரைத்துவிடும். போன வருஷம் நடந்தது அதுதான். ஆளுக்கொரு நேரத்தில் பைக்கில் வந்து, ஆளுக்கொரு பக்கம் வெட்டி, எல்லாவற்றையும் பாழாக்கினோம்.

இந்த முறை எல்லாரும் ஒன்றாக இறங்கினோம். பாத்திக்குப் பாத்தி ஆள் நின்றது. கடைசி வரப்பில் நின்று நான் "வெட்டு!" என்று கத்தினேன். அந்தக் குரல் மேலே மேலே போயிற்று. காற்று எழும்பியபோது மேல்தண்ணி ஓடைக்குப் போய்விட்டிருந்தது. அடியில் உப்பு வெள்ளை வெளேரென்று கிடந்தது. கொஞ்சம் கரைந்திருந்தது, பெரும்பங்கு பிழைத்தது. சூர்யகலா சேற்றுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். சதீஷ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உப்பையே பார்த்தான்.

திங்கட்கிழமை வானத்தில் ஒரு மேகம் இல்லை. தரைப்பாலமும் காய்ந்து கிடந்தது. ஸ்டாப்பில் நான் தனியாக நின்றேன். சதீஷ் எனக்கு முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தான். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

அப்போது தெருமுனையில் சத்தம் கேட்டது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சதீஷ் நடந்து வந்தான். அவன் பின்னால் சூர்யகலா, அவள் புருஷன், அப்புறம் தெருவே வந்தது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கூட்டிவந்திருக்கிறான்!

"மழைய நாந்தான் கொண்டாந்தேன்னு சொல்லிக்கினே இருந்தியே" என்றான். "இன்னிலேர்ந்து என்னைச் சொல்லாத."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

பஸ் நிரம்பி வழிந்தது. ஆபீசர் தன் சீட்டை யாரோ கிழவிக்குக் கொடுத்துவிட்டு, சதீஷின் மண்வெட்டிக்கும் சூர்யகலாவின் தூக்குவாளிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு.

"சார், வழியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்றேன். "இன்னும் அடுத்த ஊரு ஆளுங்க ஏறணும்."

கலியன் கம்பியைத் தட்டவில்லை. கன்னம் இரண்டும் உப்ப, உப்பளம் வரைக்கும் கேட்கிற மாதிரி விசிலை ஊதினார்.