ரெஸார் என்றால் ஒப்பித்தல்

உலகத்தில் இதுவரை யாருமே ஜெபித்ததில்லை, ஒப்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்ற உண்மையை மோன்டெஸ் கிளாரோஸ் நகரத்து ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் காலை ஒன்பதே காலுக்கு ஒதிலோன் நிலைநாட்டினான். உள்ளே அவனுடைய அம்மாவுக்கு இதய வால்வு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே, போர்த்துகீசிய மொழியியல் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு வேறு வேலை இல்லை.

“ஜெபிக்கிறதுக்கு ‘ரெஸார்’னு சொல்றோமே சித்தி, அது லத்தீன் ‘ரெசிடாரே’. சத்தமா ஒப்பிக்கிறது. வாய்ப்பாடு மாதிரி. சட்டம் இப்படி ‘ரெஸா’ பண்ணுதுன்னு வக்கீல்கூடத்தான் சொல்றான். சட்டத்துக்கென்ன பக்தியா?”

ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த சுல்மீரா சித்தி நிமிரவில்லை. பெரியம்மா தல்வாவுக்குத்தான் குஷி. கத்தோலிக்கக் கோயிலை விட்டு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்த ஏழு வருஷமாக அவள் அந்த வினைச்சொல்லை வாயால் தொடுவதில்லை.

“கேட்டுக்கோ சுல்மீரா! அதனாலதான் நாங்க ‘ஒரார்’ங்கிறோம். ரெஸார் கிளிப்பிள்ளைக்கு.”

“அதுக்கும் லத்தீன்ல பேசுறதுன்னுதான் அர்த்தம், பெரியம்மா. ரேடியோக்காரனும் அதைத்தான் பண்றான்.”

“உங்கம்மா உள்ள கிடக்கா, நீ அகராதி ஓட்டுற,” என்றாள் சித்தி.

முடியும் என்று சொன்ன நேரம் பதினொன்று. பன்னிரண்டாகியும் கதவு திறக்கவில்லை. சித்தியின் முணுமுணுப்பு, “பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும்...” என்ற இடத்தில் நின்றது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி நின்றது.

“என்ன சித்தி, மறந்துட்டியா?”

“அடுத்து என்ன வரும்னு உனக்குத் தெரியும்டா. இந்தக் கதவுக்கு முன்னாடி உக்காந்து அதை எப்படிச் சொல்ல?”

அடுத்து வருவது மரண நேரம்.

“வெறும் ஒப்பிப்புதானே? அர்த்தத்தைப் பாக்காதே. கொடு, நான் சொல்றேன்.”

மாலையை வாங்கி “அருள் நிறைந்த மரியே” என்று மளமளவெனப் போனவன், ‘இப்பொழுதும்’ வரை வந்தான். அவனும் அங்கேயே நின்றான். தல்வா கிண்டல் செய்யவில்லை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்தார்.

“வால்வு கச்சிதமா உக்காந்துடுச்சு. தையல்ல கொஞ்சம் நேரமாச்சு, பயப்படாதீங்க. கண்ணாடி வழியா பாக்கலாம். யாருப்பா ஒதிலோன்? மயக்கம் கொடுக்கும்போதுகூட, அவன் பட்டினியா இருப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள், செருப்பு வழுக்க ஓடினார்கள். மாலை இவன் கையிலேயே தங்கிவிட்டது.

ஒதிலோன் சுற்றிலும் பார்த்தான். காபி மெஷின் பக்கத்தில் தூங்கும் கிழவர் ஒருவர், அவ்வளவுதான். வேண்டிக் கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. இருந்தும் விட்ட இடத்திலிருந்து, தாழ்ந்த குரலில், ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான்: “இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.”

விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது.